மெட்டைக் கடந்தால் மாறும் அடையாளம்: போடி ஏலத்தோட்டப் பெண்களும் புச்சி எமெச்செட்டாவும்

போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன்னரே ஜீப்புகள் போடிமெட்டை நோக்கி ஏறத் தொடங்குகின்றன. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய அந்த வண்டிகளில் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் கணிசமானோர் தலித்துகள். மெட்டின் உச்சியில் தமிழ்நாடு முடிந்து, கேரளத்தின் உடும்பன்சோலை வட்டம் தொடங்குகிறது. பூப்பாறை, சாந்தன்பாறைப் பகுதிகளின் ஏலத்தோட்டங்களில் நாள் முழுதும் காய் எடுத்துவிட்டு, இருட்டும் வேளையில் அதே வளைவுகளில் இறங்குகின்றனர். இதைப் புலம்பெயர்வு என்று எவரும் அழைப்பதில்லை. கடவுச்சீட்டு தேவைப்படாத பயணம் அல்லவா! ஆயினும் எல்லையைக் கடக்கும் ஒரு பெண்ணுக்கு என்னவெல்லாம் நேரும் என்று ஆப்பிரிக்கப் பெண்ணொருவர் லண்டனிலிருந்து எழுதியவற்றை இம்மலைச்சரிவில் வைத்துப் படிக்க வேண்டும் என்று கருதுகிறோம்.

புச்சி எமெச்செட்டா 1944இல் நைஜீரியாவின் லாகோஸில், இக்போ இனத்தைச் சேர்ந்த ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவர். பதினாறு வயதில் மணமாகி, 1962இல் கணவரைத் தேடி லண்டன் சென்றார். இருபத்திரண்டு வயதில் ஐந்து குழந்தைகளுடன் கணவரைப் பிரிந்தார். அவருடைய முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியை எரித்தவர் அந்தக் கணவரே. தன் வாழ்வையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டு 1974இல் அவர் வெளியிட்ட ‘செகண்ட் கிளாஸ் சிட்டிசன்’ நாவலின் நாயகி அடா, ஊரில் நல்ல வேலையில் இருந்தவள். லண்டனில் வாடகைக்கு அறை கேட்டால் தோல் நிறத்தைக் காட்டிக் கதவு சாத்தப்படுகிறது. நூலகப் பணியில் சேர விரும்பும் அவளை ஆலை வேலைக்குப் போகச் சொல்லி நெருக்குபவர்களோ கணவனும் அண்டையில் வசிக்கும் நைஜீரியர்களும்தாம். வெள்ளையரின் நிறவெறியை எழுதும்போது தன் இனத்து ஆணின் கையை மறைத்து எழுத அவர் ஒப்பவில்லை. இந்த நேர்மைக்காகவே அவரை மதிக்கிறோம்.

எனினும் அடாவையும் போடிப் பெண்ணையும் அப்படியே சமமாக்க இயலாது. அடா கப்பல் ஏறிய பிறகே இரண்டாந்தரமானவள். போடிப் பெண் ஜீப் ஏறும் முன்பே ஊருக்கும் சேரிக்கும் இடையில் கோடு கிழிக்கப்பட்டவள். 1989இல் சாதிக் கலவரம் மூண்ட வட்டாரம் இது. மலையில் கிடைக்கும் கூலி, கீழே ஊர் நிலவுடைமையாளரைச் சாராத கூலி என்பதால் அதில் ஓரளவு விடுதலையும் உண்டு. ஆனால் மேலே இன்னொரு பெயர் காத்திருக்கிறது: ‘பாண்டி’. தமிழரை இழிவாகச் சுட்டும் அச்சொல்லுக்கு முன் போடியின் எல்லாச் சாதியினரும் ஒன்று. கங்காணிக்கு முன்போ ஒன்றல்ல.

தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று கேரளத்துடன் இணைக்கப்பட்டன. அதற்கு முன்பே தோட்டங்களுக்கு வந்துவிட்டவர்கள் தம் இடத்தைவிட்டு அசையாமலே அயலாராயினர். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு சச்சரவு முற்றியபோது, தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அஞ்சிக் காட்டுவழியே தேனி மாவட்டத்துக்கு இறங்கி வந்தன. அணை பற்றிய வழக்கில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இருந்ததில்லை.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்ப்பது. ஆகவே குனிந்தோ குந்தியோதான் எடுக்க இயலும். மழைக்காலத்து ஈரம், அட்டை, பூச்சிமருந்து தெளித்த செடி. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத்தோட்டத்துக்கும் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை வகுத்தது. ஆனால் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் இருந்தால்தான் அச்சட்டப்படி அது தோட்டமாகக் கருதப்பட்டது. சிறு தோட்டங்களுக்கு நாள்கூலியாக ஏறிச் சென்றவளுக்கு அச்சட்டம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தது. இறுதியில் காய் போடிக்கே வந்து ஏலம் போகிறது. போடி ‘ஏலக்காய் நகரம்’ எனப் புகழ் பெறுகிறது.

மூணாறு தேயிலைத் தோட்டங்களின் நிரந்தரத் தொழிலாளிகளான தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள், 2015 செப்டம்பரில் ‘பெண்பிள்ளை ஒருமை’ என்ற பெயரில் திரண்டனர். போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்த அவர்கள், ஆண்கள் தலைமை வகித்த தொழிற்சங்கங்களையும் விலக்கிவைத்தே சாலையில் அமர்ந்தனர். கோமதி, லிசி சன்னி, இந்திராணி மணிகண்டன் ஆகியோர் முன்னின்றனர். 20 விழுக்காடு கிடைத்தது. 2017இல் அமைச்சர் ஒருவர் அப்பெண்களின் ஒழுக்கத்தை இழித்துப் பேச, அவர்கள் மீண்டும் தெருவுக்கு வர நேர்ந்தது. எமெச்செட்டா இருந்திருந்தால் அடையாளம் கண்டிருப்பார் என்று எழுதத் தோன்றுகிறது. அவர் அவ்வாண்டு ஜனவரியில்தான் மறைந்தார்.

மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டியது சாதிச் சான்றிதழ்ச் சிக்கல். நாள்தோறும் இறங்கிவிடும் பெண்ணுக்கு அவளுடைய தமிழ்நாட்டுச் சான்று உண்டு. மேலேயே லயத்தில் தங்கிவிட்டவளின் பிள்ளைகளுக்கு? பட்டியல் சாதி என்பது ‘அந்த மாநிலத்தைப் பொறுத்து’ வரையறுக்கப்படுவதால், குடிபெயர்ந்தவர் சேர்ந்த மாநிலத்தில் இடஒதுக்கீடு கோர இயலாது என்று 1990இல் மாரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் பீர் சிங் வழக்கிலும் அதுவே உறுதியாயிற்று. சாதி மலையேறி வரும்; சான்று வராது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு மட்டும் மாநில எல்லையோடு முடிவதில்லை என்று 2023இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு கூறியது. அது மகாராட்டிரத் தீர்ப்பு. இடுக்கியின் காவல் நிலையத்தில் அதை எடுத்துக்காட்டி வாதாட ஆள் வேண்டும்.

1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் அங்கு வாழ்ந்தது என்று காட்டினால் வழியுண்டு. ஆனால் லயம் நிறுவனத்தின் சொத்து, பட்டா இல்லை. தாத்தா பாட்டியின் பெயர் இருந்தால் அது தோட்டத்துப் பதிவேட்டில்தான் இருக்கும். தேவிகுளம் தனித்தொகுதியில் 2021இல் வென்ற ஆ. ராஜாவின் தேர்தலை 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் செல்லாததாக்கியது. மதம் பற்றிய கேள்வியுடன், அவருடைய மூதாதையர் எப்போது குடியேறினர் என்பதும் அவ்வழக்கில் வாதிடப்பட்டது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஆளுங்கட்சிச் சட்டமன்ற உறுப்பினருக்கே உச்சநீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்த வினா இது. கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் காய் எடுப்பவளின் மகளிடம் வட்டாட்சியர் அலுவலகம் கேட்பதும் இதே வினாதான். விடை சொல்ல அவளுக்குக் கிடைப்பது கடைசித் தேதிக்கு முந்தைய சில நாட்கள்.