டெக்சி பூட்டில் இருந்த தோம்பு

கேஎல் சென்ட்ரலில் பெட்டியும் பையுமாக இறங்கி டெக்சி பிடித்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். ஓட்டுநர் பூட்டைத் திறப்பார். பாதி இடத்தைப் பெரிய தோம்பு ஒன்று அடைத்திருக்கும். பெட்டி பின்சீட்டுக்குப் போகும். பயணிக்கு இடைஞ்சல்தான். ஆனால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பல ஓட்டுநர்களின் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தத் தோம்பை நம்பித்தான்!

என்ஜிவி எனப்படும் அந்த இயற்கை எரிவாயுவின் கதை தெரங்கானுவில் தொடங்கியது. கடலுக்கடியில் கிடைத்த வாயுவைக் கெர்த்தேயில் கரைசேர்த்த பெட்ரோனாஸ், 1980களில் சில வாகனங்களில் அதைச் சோதித்துப் பார்த்தது. 1990களின் தொடக்கத்தில் குழாய் வழியே வாயு கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு வந்தது. 1995இல் பெட்ரோனாஸ் என்ஜிவி நிறுவனம் அமைந்தது. விலை பெட்ரோலில் பாதி. நாள் முழுதும் ஓடும் டெக்சிக்கு வேறென்ன வேண்டும்?

பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. அழுத்தத்தைக் குறைத்து வாயுவைக் காற்றோடு கலக்கும் கருவியும், எரிபொருளை மாற்றும் சுவிட்சும், ஒரு தோம்பும் போதும். இழுவை சற்றுக் குறையும். செலவு வெகுவாகக் குறையும். 2008 ஜூன் 5ஆம் தேதி பெட்ரோல் விலை 1 ரிங்கிட் 92 காசிலிருந்து 2 ரிங்கிட் 70 காசுக்குத் தாவியபோது, சொந்தக் கார் வைத்திருந்தவர்களும் எரிவாயு வரிசையில் வந்து நின்றார்கள்.

ஆபத்தும் அந்தத் தோம்பில்தான் இருந்தது. அதற்குள் அழுத்தம் சுமார் 200 பார். சமையல் எரிவாயு தோம்பு தாங்குவதற்கென்று செய்யப்பட்டதோ அதில் சிறு பங்குதான். காசை மிச்சம் பிடிக்கச் சமையல் தோம்பை மாற்றியமைத்துக் காரில் பொருத்துவது, வெடிகுண்டைப் பூட்டில் ஏற்றுவதற்குச் சமம். முறையான தோம்புக்கும் ஆயுள் 15 ஆண்டுகளே.

2024 நவம்பரில் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் இந்தப் பாதுகாப்புக் காரணங்களைச் சொல்லி முடிவை அறிவித்தார். அப்போது நாட்டில் எஞ்சியிருந்த எரிவாயு வாகனங்கள் 44,383. 2025 ஜூலை 1 முதல் அவற்றுக்கு எரிவாயு விற்பனை இல்லை. இரு எரிபொருளில் ஓடியவை பெட்ரோலுக்குத் திரும்பலாம். எரிவாயுவில் மட்டுமே ஓடியவற்றுக்குப் போக்கிடம் இல்லை.

மலிவு எரிபொருள் தந்த லாபம் தினமும் ஓட்டுநரின் சட்டைப்பைக்கு வந்தது. தோம்பைச் சோதிக்கும் செலவோ எப்போதாவதுதான் வந்தது. அதனால் தள்ளிப்போடுவது எளிதாக இருந்தது. நாளை மின்சார வாகனம் வாங்கி டெக்சி ஓட்டப்போகும் பிள்ளைகள், பேட்டரியின் ஆயுளையும் இன்றே கணக்கில் எழுதி வைப்பது நல்லது.