கசநோயாளியும் இல்லமும்: சென்னை தந்த விடை

நோயுற்றவருக்கு வீட்டில் இடமுண்டா என்னும் வினா கசநோயின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. 1882இல் றொபேட் கொக் அந்நோய்க்குரிய கிருமியைக் கண்டறிந்தார். நோய் தொற்றக்கூடியது என்பது ஐயமின்றி நிறுவப்படவே, நோயாளியைச் சுற்றத்தாரிடமிருந்து பிரித்து வைத்தலே தக்கது என்ற கருத்து வலுப்பெற்றது. தூய காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவும் அளிக்கும் சனற்றோரியங்கள் பல நாடுகளிலும் பெருகின. 1928இல் மருத்துவர் சௌரி முத்து சென்னையை அடுத்த தாம்பரத்தில் நிறுவியதும் அத்தகையதொன்றே.

1950களில் பயனுள்ள மருந்துகள் கிடைத்தன. ஆயினும் இந்தியாவின் நோயாளர் தொகைக்கு ஈடுசெய்யக் கட்டில்கள் இருக்கவில்லை. இந்நிலையில் 1956இல் சென்னையில் கசநோய் ஆய்வு நிலையமொன்று அமைக்கப்பட்டது. வலஸ் பொக்ஸ் தலைமையில் நடந்த முதலாய்வில் 193 நோயாளர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சனற்றோரியத்திலும், மறு பிரிவினர் தத்தம் வீடுகளிலும் ஓராண்டு காலம் ஒரே மருந்துகளைப் பெற்றனர்.

வீட்டிலிருந்தோர் பெரும்பாலும் வறியோர். நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தோர். சனற்றோரியத்தில் இருந்தோரிலும் குறைவாகவே உண்டோர். ஆயினும் 1959இல் வெளியான முடிவுகள் இரு பிரிவினரிடையே சிறு வேறுபாட்டையே காட்டின. வீட்டிலிருந்தோருள் நூற்றுக்கு 86 பேரும், சனற்றோரியத்தில் இருந்தோருள் 92 பேரும் நற்பயன் எய்தினர். மேலும், நோயாளி வீட்டில் தங்கியமையால் குடும்பத்தினர்க்கு நோயபாயம் மிகவில்லை. சிகிச்சை தொடங்குமுன் நேர்ந்த தொற்றே பெரிதும் கருதத்தக்கதாயிருந்தது. நோயாளியை வீட்டிலிருந்து அகற்றுவதன்று, காலந்தாழ்த்தாது மருந்தூட்டுவதே சுற்றத்தாரைக் காக்கும் வழி என்பது இதனாற் புலனாயிற்று.

எனினும் உடல் தேறியதும் மருந்தைக் கைவிடும் இயல்பு பலரிடம் காணப்பட்டது. ஆகவே மருந்து உட்கொள்வதைப் பிறரொருவர் உடனிருந்து கண்காணித்தல் வேண்டும் என்னும் எண்ணம் உருவாயிற்று. தாயோ மனைவியோ உடன்பிறந்தாரோ நாள்தோறும் செய்யும் நினைவூட்டல் சிகிச்சைக்கு உற்ற துணையாயிற்று.

1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் சென்னையிலேயே. அக்கிருமி உடலின் எதிர்ப்பாற்றலைக் குன்றச் செய்வதால், உடலில் அடங்கிக்கிடந்த கசநோய் கிளர்ந்தெழுகின்றது. இரு நோய்களும் ஒருங்கே பற்றியோர் தாம்பரத்தை நாடினர். முன்னர் கசநோயாளருக்கென எழுந்த அந்நிலையம் எயிட்ஸ் சிகிச்சைக்கும் பேர்பெற்ற இடமாயிற்று. எச்.ஐ.வி.க்கான மருந்துகளை இந்திய அரசு 2004இல் இலவசமாக வழங்கத் தொடங்கியது.

மருந்து வந்தபோதும் பழைய அச்சம் புதுவடிவில் திரும்பியது. கசநோய் காற்றினாற் பரவும், எச்.ஐ.வி.யோ ஒன்றாயிருந்து உண்பதாலும், தொட்டுப் பணிசெய்வதாலும் பரவாது. இவ்வேறுபாட்டை அறியாத குடும்பங்களில் நோயாளிக்குத் தனித்தட்டும் தனிப்பாயும் வைக்கப்பட்டன. சிலர் வீட்டைவிட்டே விலக்கப்பட்டனர். அறிவு ஒருமுறை நிறுவியதை அச்சம் மறுமுறை மறைத்தது.

2017இல் இந்தியா இயற்றிய எச்.ஐ.வி. சட்டம், நோயாளி தம் குடும்பத்தாருடன் பகிர்ந்து வாழும் வீட்டில் வதியும் உரிமையை ஏற்றுக்கொண்டது. வீட்டினின்று விலக்குதலைச் சட்டம் தடுக்கலாம். ஆனால் இருவகை மருந்துகளையும் வேளைதவறாது எடுத்துக்கொடுப்பதும், சாளரத்தைத் திறந்துவிட்டு அருகில் அமர்ந்து உண்ணச்செய்வதும் சட்டத்தால் ஆவனவல்ல. அவை சுற்றத்தாரின் கடன். அக்கடனை அச்சமின்றி ஆற்றலாம் என்பதற்கான சான்றைச் சென்னையின் வறிய குடும்பங்கள் உலகுக்கு அளித்தன.