சென்னையில் நடந்த அணுப் பாடம்

அணுவின் படத்தை வரையும்படி எந்தப் பள்ளி மாணவனைக் கேட்டாலும் தயங்காமல் வரைந்துவிடுவான். நடுவே ஒரு புள்ளி. அதைச் சுற்றிச் சில வட்டங்கள். வட்டங்களின்மேல் சிறு சிறு பொட்டுகள். கதிரவனைக் கோள்கள் சுற்றிவருவது போல அணுக்கருவை எலெக்ட்ரான்கள் சுற்றிவருகின்றன என்று விளக்கமும் சொல்லுவான். அவன் மீது குற்றமில்லை; அவனுக்குக் கற்பித்தவர்களும் அவ்வாறே கற்றவர்கள். ஆனால், அந்தப் படம் 1913-ஆம் ஆண்டில் பிறந்தது. 1926-ஆம் ஆண்டுக்குள் பௌதிக அறிஞர்களால் கைவிடப்பட்டது. அதன் ஆயுள் பதின்மூன்று ஆண்டுகளே. கைவிடப்பட்டு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகியும் அது கரும்பலகையை விட்டு இறங்கவில்லை.

இந்தப் படம் பழையதாகிவிட்டது என்ற செய்தி ஒரு தமிழ் மாணவருக்கு நேரில் சொல்லப்பட்டதும் உண்டு. சொன்ன இடம் சென்னை, ஆண்டு 1928. சொன்னவரோ அந்தப் படத்தை விரித்துப் பெருநூல் எழுதிய பேராசிரியர். தமிழாசிரியர்கள் அறிந்துவைத்திருக்க வேண்டிய வரலாறு இது.

பழைய படம் பிறந்த கதை

'அணு' என்பது தமிழுக்குப் புதிய சொல் அன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதையில் ஆசீவகர் கூறும் அணுக் கொள்கை விரிவாக வருகிறது. ஆயினும் அந்த அணு வேறு, ஆய்வுக்கூடத்தில் அளந்தறியப்பட்ட அணு வேறு. முன்னது சிந்தனையின் பேறு. பின்னது சோதனையின் பேறு. இரண்டையும் ஒன்றெனக் காட்டி முன்னோர்க்குப் பெருமை தேடுவது அவர்களுக்கும் நன்மை செய்யாது, மாணவர்க்கும் நன்மை செய்யாது.

1897-இல் ஜே.ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். அணுவுக்குள்ளும் உறுப்புகள் உண்டு என்பது அன்றே தெளிவாயிற்று. 1911-இல் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு, அணுவின் எடை ஏறத்தாழ முழுவதும் நடுவிலுள்ள மிகச் சிறிய கருவில் அடங்கியிருக்கிறது என்று காட்டினார். அந்தக் கரு எவ்வளவு சிறியது? ஹைட்ரஜன் அணுவின் கருவைக் கடுகளவாகப் பெருக்கிக் காட்டினால், அணுவின் குறுக்களவு நூறு மீட்டரையும் தாண்டிவிடும். பந்தாட்டத் திடலின் நடுவே ஒரு கடுகு. மற்றதெல்லாம் எலெக்ட்ரானுக்குரிய வெளி.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. மின்னேற்றமுடைய பொருள் வட்டமாகச் சுற்றினால் அது ஒளியாகச் சக்தியை இழந்துகொண்டே இருக்க வேண்டும். அவ்வாறு இழந்தால், எலெக்ட்ரான் நொடியின் பத்தாயிரம் கோடியில் ஓரிரு பங்கு காலத்துக்குள் கருவில் போய் விழுந்துவிடும். அப்படியானால் கல்லும் இல்லை, மரமும் இல்லை, கற்பவனும் இல்லை. உலகம் நிலைத்திருப்பதே பழைய பௌதிகத்துக்கு விடுகதையாகிவிட்டது.

மற்றொரு விடுகதை சமையலறையிலேயே இருக்கிறது. உப்பிட்ட நீர் பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலச் சுடர் மஞ்சளாகிறது. அந்த மஞ்சள், உப்பிலுள்ள சோடியம் தருவது. எந்த ஊர் உப்பானாலும் அதே மஞ்சள். வேறு நிறம் காட்டுவதில்லை. ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில நிறக் கோடுகளை மட்டுமே வெளிவிடுவது ஏன்?

1913-இல் டென்மார்க்கு அறிஞர் நீல்ஸ் போர் இவ்விரண்டுக்கும் ஒரே விடை கூறினார். சக்தி சிறு சிறு அளவுகளாகவே கொடுக்கல் வாங்கல் ஆகிறது என்று மாக்ஸ் பிளாங்க் 1900-இல் சொல்லியிருந்தார். அந்த அளவுக்குக் குவாண்டம் என்று பெயர். போர் அக்கருத்தை அணுவுக்குள் கொண்டுவந்தார். எலெக்ட்ரான் குறிப்பிட்ட சில பாதைகளில்தான் இருக்கும். ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது மட்டும் அந்த வேறுபாட்டுக்குரிய ஒளியை விடும் என்றார். ஹைட்ரஜனின் நிறக் கோடுகள் அவர் கணக்குக்கு அப்படியே கட்டுப்பட்டன. ஜெர்மனியில் மியூனிக் நகரப் பேராசிரியர் ஆர்னால்டு சாமர்ஃபெல்டு வட்டப் பாதைகளோடு நீள்வட்டப் பாதைகளையும் சேர்த்துக் கணக்கை மேலும் செப்பமாக்கினார். அணுவின் அமைப்பையும் நிறமாலைக் கோடுகளையும் பற்றி அவர் எழுதிய நூல் 1919-இல் வெளிவந்தது; 1923-இல் ஆங்கிலத்திலும் வந்தது. அக்காலத்தில் அணுவைக் கற்க விரும்பிய எவரும் அந்நூலையே நாடினர்.

திருவல்லிக்கேணி மாணவர்

நாடியவர்களுள் ஒருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910 அக்டோபர் 19-ஆம் நாள் லாகூரில் பிறந்தவர். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறையில் பணியாற்றியதால் அங்கே பிறக்க நேர்ந்தது. தாயார் சீதாலட்சுமி, இப்சன் இயற்றிய 'பொம்மை வீடு' என்னும் நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர். 1918-இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, 1925-இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். தந்தையின் தம்பியே சர் சி.வி. இராமன்.

1928-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கல்கத்தாவில் இராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் ஒளிச்சிதறலில் ஒரு புதுமையைக் கண்டனர். ஒரே நிறமுடைய ஒளியைத் தெளிந்த நீர்மத்துள் செலுத்தியபோது, சிதறி வந்த ஒளியில் வேறு நிறமும் சிறிது கலந்திருந்தது. ஒளி, மூலக்கூற்றுடன் சக்தியைக் குறிப்பிட்ட அளவுகளாகக் கொடுத்து வாங்குகிறது என்பதற்கு அது கண்கூடான சான்றாயிற்று. இதற்காக இராமன் 1930-இல் நோபெல் பரிசு பெற்றார். கிருஷ்ணன் வத்திராயிருப்பில் பிறந்தவர். குவாண்டம் என்பது மேல்நாட்டு ஏடுகளில் மட்டும் இருந்த காலம் அன்றே முடிந்தது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் சாமர்ஃபெல்டு இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். மாநிலக் கல்லூரியிலும் சொற்பொழிவாற்றினார். சந்திரசேகர் மறுநாளே அவர் தங்கியிருந்த விடுதிக்குச் சென்று கண்டார். அவருடைய நூலை முழுதும் கற்றிருந்த மாணவர், வயது பதினெட்டு, பாராட்டுக் கிடைக்கும் என்று எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் சாமர்ஃபெல்டு வேறு செய்தி சொன்னார். அந்நூலிலுள்ள அணுக் கொள்கை பழையதாகிவிட்டது; ஹைசன்பர்க்கு, ஷ்ரோடிங்கர் முதலியோரின் புதிய கொள்கை அனைத்தையும் மாற்றிவிட்டது என்றார். சொன்னதோடு நில்லாமல், இன்னும் வெளிவராத தம் கட்டுரை ஒன்றின் அச்சுப் படியையும் அம்மாணவர் கையில் கொடுத்தார்.

இதில் ஆசிரியர்கள் கருதிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. சாமர்ஃபெல்டின் நூலைப் பழையதாக்கியவர்களுள் வெர்னர் ஹைசன்பர்க்கும் வுல்ஃப்காங் பௌலியும் அவரிடமே பயின்று பட்டம் பெற்றவர்கள். தம் மாணாக்கர் தம்மை வென்றதை, அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்த அந்தப் பேராசிரியர், கடல் கடந்து வந்து இன்னொரு நாட்டு இளைஞரிடம் மகிழ்ச்சியோடு சொன்னார்.

புதிய பாடம் யாது?

புதிய கொள்கையை விளக்க, தமிழர் கைப்பட்ட ஒரு கருவியே போதும். இராமன் மிருதங்கத்தை ஆராய்ந்து 1920-இல் முடிவுகளை வெளியிட்டவர். வலந்தலையின் நடுவிலுள்ள கரும்பூச்சுத்தான் மிருதங்கத்தின் ஒலியைச் சுருதியோடு இயையச் செய்கிறது என்று காட்டியவர் அவர். விளிம்பில் இறுகக் கட்டிய தோல் நினைத்தபடியெல்லாம் அதிராது. சில அதிர்வுகளே அதற்கு இயலும். இடைப்பட்ட அதிர்வு நிலைக்காது.

கருவின் கவர்ச்சியால் கட்டுண்ட எலெக்ட்ரானும் அவ்வாறே. எலெக்ட்ரானுக்கு அலைத்தன்மை உண்டு என்று லூயி தெ பிராலி 1923-24-இல் கூறினார். அந்த அலைக்குரிய சமன்பாட்டை எர்வின் ஷ்ரோடிங்கர் 1926-இல் தந்தார். கட்டுண்ட அலை சில நிலைகளில் மட்டுமே நிலைக்கும். போர் காரணம் கூறாமல் விதித்த 'குறிப்பிட்ட பாதைகள்' இப்போது தாமாகவே வந்து விளைந்தன. ஆனால் அவை பாதைகள் அல்ல, நிலைகள்.

உவமை இந்த அளவோடு நிற்க வேண்டும். மிருதங்கத்தில் அதிர்வது தோல். அணுவிலோ அலை என்பது எலெக்ட்ரானை எந்த இடத்தில் காணும் வாய்ப்பு எவ்வளவு என்பதைச் சொல்லுவது. இவ்விளக்கத்தை 1926-இல் தந்தவர் மாக்ஸ் போர்ன். எலெக்ட்ரானின் இடத்தையும் வேகத்தையும் ஒருங்கே துல்லியமாக வரையறுக்க இயலாது என்று ஹைசன்பர்க்கு 1927-இல் நிறுவினார். இடமும் வேகமும் ஒருங்கே இல்லையேல் பாதை ஏது? பாதை இல்லையேல் வட்டம் ஏது? கரும்பலகைப் படம் பிழைபடுவது இங்கேதான்.

பௌலியின் விதி இன்னொன்று. ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருத்தல் கூடாது என்பது அது. தற்சுழற்சியின் இருவகையையும் கணக்கிட்டால் ஓர் அறைக்கு இருவர் என்று கொள்ளலாம். கீழ்த்தளத்து அறைகள் நிரம்பிய மாளிகையில் புதிதாக வருபவர் மேல்தளத்துக்கு ஏறித்தானே ஆக வேண்டும்? அணுக்கள் அளவில் பருத்து நிற்பதும், தனிமங்கள் வெவ்வேறு குணமுடையனவாய் இருப்பதும் இவ்விதியின் விளைவுகள்.

கப்பலில் ஒரு கணக்கு

சாமர்ஃபெல்டு தந்த அச்சுப் படியில் இந்த விதியின்மேல் எழுந்த பெர்மி-டிராக் புள்ளியியல் இருந்தது. சந்திரசேகர் அதைக் கற்று, சில திங்களுக்குள் தாமே ஒரு கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஆர்.எச். ஃபௌலர் வழியாக அது 1929-இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது.

1930 ஜூலை 31-ஆம் நாள் பம்பாயிலிருந்து அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பயணத்தின்போது வெண்குறுமீன்களைப் பற்றிச் சிந்தித்தார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்கள் அவை. கதிரவனளவு எடை பூமியளவு உருவில் அடங்கியிருக்கும். அவற்றின் பொருளில் ஒரு தேக்கரண்டி அளவு பல டன் எடை இருக்கும். அவை மேலும் நொறுங்காமல் தாங்குவது யாது? பௌலியின் விதியே. நெருக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் கீழ்நிலைகளில் இடமின்றி மேல்நிலைகளுக்கு ஏறி, பெருவேகம் கொண்டு எதிர்த்து அழுத்துகின்றன. இதை ஃபௌலர் 1926-இலேயே கூறியிருந்தார். ஒளியின் வேகத்தை நெருங்கும் எலெக்ட்ரான்களுக்குச் சார்புக் கொள்கையும் பொருந்த வேண்டுமல்லவா என்று சந்திரசேகர் கேட்டார். கணக்கிட்டபோது, அந்தத் தாங்கும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு என்று தெரிந்தது. இன்றைய கணக்கில் அது கதிரவனின் எடையைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேற்பட்ட எடையுடையது வெண்குறுமீனாக நிலைக்க முடியாது.

1935 ஜனவரி 11-ஆம் நாள் லண்டன் ராயல் வானியல் சங்கத்தில் அவர் இதனை எடுத்துரைத்தார். அடுத்து எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். அக்கால வானியலின் தலைமைப் பேரறிஞர். சந்திரசேகரின் முடிவை அவர் அவையோர் சிரிக்கும்படி மறுத்தார். விண்மீன் அவ்வாறு முடிவின்றிச் சுருங்கும் என்பது அவருக்கு ஏற்கவில்லை. கணக்கில் பிழை காட்டவும் இல்லை. பௌலி முதலியோர் சந்திரசேகரின் கருத்தே சரியென அறிந்திருந்தும் அவைமுன் வாதிட வரவில்லை. 1937-இல் சந்திரசேகர் அமெரிக்காவுக்குச் சென்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் அமர்ந்தார். நோபெல் பரிசு 1983-இல் வந்தது. அந்த அவை நிகழ்ச்சிக்கும் பரிசுக்கும் இடையே நாற்பத்தெட்டு ஆண்டுகள்.

இரு பெரியோர்

ஓர் இளைஞரின் வாழ்வில் இரு பெரியோர் எதிர்ப்பட்டனர். இருவரும் மாபெரும் அறிஞர்கள். இருவர் புகழுக்கும் குறைவில்லை. ஒருவர் தாம் எழுதியதே பழையதாயிற்று என்று கூறி வழிவிட்டார். மற்றவர் தாம் கொண்ட கருத்தை விட மனமின்றி வழியை மறித்தார். முன்னவர் ஒரு சந்திப்பில் சொன்ன சொல் ஒரு விஞ்ஞானியை உருவாக்கியது. பின்னவர் சொல்லோ ஒரு துறையின் வளர்ச்சியைப் பல ஆண்டு தாமதப்படுத்தியது.

வகுப்பறைக்கு வருவோம். புள்ளியும் வட்டமும் கொண்ட படத்தை அழித்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. சிறுவர்க்குத் தொடக்கம் ஒன்று வேண்டும். போரின் படம் நல்ல தொடக்கமே. ஆனால் வரைந்து முடித்தபின் ஆசிரியர் மூன்று வாக்கியம் கூட்டிச் சொல்லலாம்: 'இது 1913-இல் அறிஞர் வரைந்த படம். பின்னர் இதைவிடச் சரியான கருத்து வந்தது. மேல்வகுப்பில் அதைக் கற்பீர்கள்.' இதற்குக் கூடுதலாக ஒரு நிமிடமும் ஆகாது. குளுவாங்கு வட்டாரத்துத் தோட்டப்பள்ளியில் பயிலும் பிள்ளையும் திருவல்லிக்கேணியில் பயின்ற பிள்ளையும் அறிவை ஏற்பதில் வேறுபட்டவர் அல்லர். தம் பாடநூலுக்கு அப்பாலும் பாடம் உண்டு என்று சொல்லும் ஓர் ஆசிரியர் வாய்த்தாரா என்பதே வேறுபாடு.