புல எண் சொல்லும் ஊர்க் கதை

"எங்கள் ஊருக்கென்று சரித்திரம் ஒன்றும் கிடையாது" என்று சொல்பவர் பலர். கோட்டையும் போர்க்களமும் இருந்தால்தான் சரித்திரம் என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் மக்கள் குடியிருந்து, உழுது, தீர்வை கட்டிய எந்த ஊரும் எங்கோ ஓர் ஏட்டில் பதிவாகியே இருக்கும். அதை எப்படித் தேடிப் படிப்பது? சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றை மனத்தில் கொண்டு பார்ப்போம்.

இங்கிலாந்தில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை மாதாகோவில்தோறும் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று 1538-ல் ஆணை பிறந்தது. அங்கே ஊர் வரலாறு எழுதுவோருக்கு இந்த ஏடுகள் பெரும் துணை. மிடில் என்ற சிற்றூரில் வாழ்ந்த ரிச்சர்டு கஃப் என்ற குடியானவர், 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இன்னொரு வழியும் கண்டார். மாதாகோவிலில் எந்தக் குடும்பத்துக்கு எந்த இருக்கை என்ற வரிசையைப் பிடித்துக்கொண்டு, ஊர் முழுவதன் கதையையும் அவர் எழுதி முடித்தார்.

நம் கிராமத்தில் அத்தகைய இருக்கை வரிசை இல்லை. அதற்கு ஈடாக நம்மிடம் உள்ளது புல எண். சர்வே நம்பர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

எந்த ஊரில் தேடுவது?

1910 வரை சிவகாசியும் விருதுபட்டியும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. அவ்வாண்டு இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தன. அம்மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகமோ நெடுங்காலம் மதுரையில் இருந்தது! 1985-ல் மாவட்டம் பிரிந்து, காமராஜர் மாவட்டம் தோன்றியது. இன்று அது விருதுநகர் மாவட்டம். ஆகவே, ஒரே ஊரின் பழைய தாள்களைத் தேடுபவர் பல ஊர்களின் வாசலில் நிற்க நேரும். சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தையும் மறக்கக் கூடாது. பெயரிலும் கவனம் தேவை. 1923-ல்தான் விருதுபட்டி விருதுநகர் ஆயிற்று. அதற்கு முந்திய ஏட்டில் 'விருதுநகர்' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது.

ஒரு புலத்தின் கதை

சென்னை மாகாணத்தில் 1858-ல் அளவைத் துறை தொடங்கப்பட்டது. நிலங்களை அளந்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் கொடுத்தார்கள். நஞ்சையா புஞ்சையா, மண் கரிசலா செவலா, தரம் என்ன, தீர்வை எவ்வளவு, பட்டாதாரர் யார் என்பவற்றை நிலவரித்திட்டப் பதிவேட்டில் எழுதினார்கள். ஜமீன் கிராமங்களில் கணக்குகள் ஜமீன்தாரிடம் இருந்தன. 1948-ம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்த பின்னரே அவை அரசுக் கணக்குக்கு வந்தன.

மறு அளவையில் புல எண் மாறியிருக்கலாம். பதிவேட்டில் பழைய எண்ணும் குறிக்கப்பட்டிருக்கும். அதைக் கொண்டு பின்னோக்கிப் போகலாம். 1864 முதல் இயங்கும் பத்திரப் பதிவுத் துறையின் ஏடுகளில், அதே நிலம் கைமாறிய கதை கிடைக்கும். பத்திரத்தின் நான்கு எல்லையையும் படியுங்கள். இன்று மறைந்துபோன ஓடையும் கிணறும் வண்டிப் பாதையும் அங்கே உயிரோடு இருக்கும்.

கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினார்கள். 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்தபின் பட்டாசு ஆலைகள் உரிமம் பெற்று எழுந்தன. பருத்தியும் கம்பும் விளைந்த புஞ்சை எப்போது ஆலையாயிற்று என்பதை, ஒரு புல எண்ணைத் தொடர்ந்து போனாலே கண்டுகொள்ளலாம்.

ஏடு சொல்லாதவை

புல எண்ணுக்கு ஒரு குறை உண்டு. நிலம் உடையவரின் பெயர்தான் அதில் இருக்கும். கூலிக்குக் களையெடுத்தவளும் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டிக்குத் தாள் ஒட்டியவளும் அதில் இல்லை. ஊரில் பெரும்பாலோர் இத்தகையவர்களே அன்றோ? அவர்களைக் காண வேறு ஏடு வேண்டும். 1899-ம் ஆண்டுச் சென்னைச் சட்டப்படி பிறப்பு, இறப்புகள் பதிவாயின. நிலம் இல்லாதவரின் பெயரும் அங்கே வரும். அடுத்தடுத்த நாட்களில் காலராச் சாவுகள் வரிசையாக நின்றால், ஊரைக் கொள்ளை நோய் தாக்கியதைப் புரிந்துகொள்ளலாம். ஆலைகளின் வருகைப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, ஊர்ப் பொதுப்பணமான மகமையின் கணக்கு ஆகியவையும் உதவும்.

எழுதியவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். 1899 ஜூனில் சிவகாசியில் நடந்த கலவரம் அரசு ஏடுகளில் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகவே பேசப்படுகிறது. வீடும் உறவும் இழந்தவர்களின் வழிவந்தோர் சொல்லும் கதை வேறு விதமாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே ஆராய்ச்சி. ஒன்று போதும் என்று மற்றதைத் தள்ளுவது ஆராய்ச்சி ஆகாது.

காத்திருக்காத தாள்கள்

1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளைத் தமிழக அரசு ஒழித்தது. பிறப்பால் வந்த அதிகாரம் முடிந்தது நல்லதே. ஆனால் தலைமுறைகளாக ஒரே வீட்டுப் பெட்டியில் இருந்த கணக்குகளை அறிந்து படிக்கக்கூடியவர்கள் அத்துடன் அருகத் தொடங்கினார்கள். இன்று பட்டாவும் சிட்டாவும் கணினியில் கிடைக்கின்றன. அவை இன்றைய உரிமையாளரைக் காட்டும்; நூறாண்டுக்கு முன் அங்கே உழுதவரைக் காட்டா. அதைச் சொல்லும் தாள்களைச் செல்லரித்துக்கொண்டிருக்கிறது.

எனவே வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணில் உள்ள பழம் பத்திரத்தைக் குப்பையில் போடாதீர்கள். அதில் உள்ள புல எண்ணையும் நான்கு எல்லையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கோவில் சுவரில் கல்வெட்டு இருந்தால் அதன் மேல் சுண்ணாம்பு பூச விடாதீர்கள். தீப்பெட்டிக் கட்டு ஒட்டிய பாட்டியிடம் அவர் வாங்கிய கூலி என்ன, எத்தனை வயதில் வேலைக்குப் போனார் என்று கேட்டுத் தேதியுடன் குறித்து வையுங்கள். அந்தப் பாட்டியின் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை. உங்கள் நோட்டிலாவது இருக்கட்டும்.