கூடலூருக்கு இன்னும் வந்து சேராத கண்ணாடி

1968-ல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் செய்த, இல்லாத காட்சியைக் கண்முன் காட்டும் மெய்நிகர் கண்ணாடியின் கனத்தைத் தலையால் தாங்க முடியவில்லை. அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். கோடுகளாலான ஒரு பெட்டி அந்தரத்தில் நிற்பதுபோல் தெரியும், அவ்வளவுதான்.

அந்தக் கண்ணாடியின் வழிவந்த ஒன்று 1996-ல் சியாட்டில் நகரத்தின் ஹார்பர்வியூ தீக்காயப் பிரிவுக்குள் நுழைந்தது. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றுவதைக் கூட இருந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒட்டிய துணியை உரித்து, செத்த தோலைச் சுரண்டிக் கழுவ வேண்டும். மார்ஃபின் கொடுத்தும் நோயாளி அலறுவார். மறுநாளும் அதே வேலை. இத்தகைய நோயாளிகளுக்காக ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இரு உளவியலாளர்கள் பின்னர் ‘ஸ்னோவேர்ல்ட்’ என்ற பனி உலகத்தை உருவாக்கினார்கள். நோயாளி உறைபனிப் பள்ளத்தாக்கில் மிதந்தபடி பனிமனிதர்கள், பெங்குவின்கள், மாமத யானைகள் மீது பனி உருண்டை எறியலாம். தலையே வெந்திருந்தால் கண்ணாடியை ஓர் இயந்திரக் கை முகத்துக்கு முன் பிடித்துக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியில் கிடப்பவருக்கு ஷாக் அடிக்காதபடி, ஒளியிழை வழியாகப் படத்தை அனுப்பினார்கள். இவ்வளவு அக்கறையோடு செய்த பொருளைப் பொம்மை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மூளையின் கவனத்துக்கு ஓர் அளவு உண்டு. பனி உருண்டைக்குப் போன கவனம் வலிக்குக் கிடைக்காது. 2004-ல் வெளியான ஸ்கேன் ஆய்வில், கண்ணாடி போட்டிருந்தபோது வலியோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளின் செயல்பாடு குறைந்ததும் தெரிந்தது.

வலியைத் தணிக்க மூச்சைக் கவனிக்கும் பயிற்சி வேறு வழியாக வந்தது. பௌத்தத் தியானத்திலிருந்து அதை எடுத்து, 1979-ல் மாசசூசெட்ஸில் தீராத வலிக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார் ஜான் கபட்-ஜின். பிறகு கண்ணாடியும் இந்தப் பயிற்சியும் ஒன்றுசேர்ந்தன. மூச்சுப் பயிற்சியும் சேர்ந்த ‘ஈஸ்விஆர்எக்ஸ்’ கண்ணாடிக்கு, நாள்பட்ட இடுப்புவலிக்காக 2021 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்கும், உடம்பின் கீழ்ப்பாதியை மட்டும் மரக்கவைத்துச் செய்யும் ஆபரேஷன்களிலும் இப்படிப்பட்ட கண்ணாடிகளைப் பல நாடுகளில் போட்டுப் பார்க்கிறார்கள். பயம் தணிகிறது, குறிப்பாகக் குழந்தைகளுக்கு. வலி எவ்வளவு குறைகிறது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. சிலருக்குத் தலைசுற்றும், குமட்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. மயக்க மருந்துக்கு இது பதிலாகாது.

இனி இந்தக் கண்ணாடி நீலகிரி மலையிலுள்ள கூடலூருக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். மனத்தை அமைதிப்படுத்த இதன் மென்பொருட்கள் வழக்கமாகக் காட்டுவது காடு, ஓடை, விடியற்காலை மூடுபனி. யானைக்குப் பயந்து பயந்து வேலைக்குப் போகும் தேயிலைத் தொழிலாளிக்கு அந்தக் காட்சி எப்படி நிம்மதி தரும்? சியாட்டில் நோயாளிக்கு மாமத யானை விளையாட்டு. இங்கே யானை மிதித்துச் செத்தவர் வீடுகள் இருக்கின்றன. அதோடு, பணியர் பழங்குடி மூதாட்டி ஒருவரிடம் அமெரிக்க ஆங்கிலத்தில் மூச்சை இழுத்துவிடச் சொல்லி என்ன பயன்?

ஆனால் பயத்தைத் தணிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ‘அஸ்வினி’ அமைப்பு 1990-ல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில், பழங்குடிப் பெண்களே நர்ஸ் வேலைக்குப் பயிற்சி பெற்றுப் பணிசெய்கிறார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு பெண் கையைப் பிடித்து நோயாளியின் பேச்சிலேயே பேசும்போது அவருக்கு வரும் தைரியத்தை எந்தக் கருவியும் தானாகத் தந்துவிடாது. அந்தக் குரலைத்தான் கண்ணாடிக்குள் கொண்டுபோக வேண்டும்.

கோவையில் இத்தகைய மென்பொருள் எழுதும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: முதல் வரி எழுதும் முன் மலையேறி வந்து, இங்குள்ள நர்ஸ்களிடமும் நோயாளிகளிடமும் எதைப் பார்த்தால் மனம் அடங்கும் என்று கேளுங்கள். காட்சியை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும்.