வேகத்திற்கு ஒரு கடிவாளம்

குதிரையின் பெருமை பாய்ச்சலில் மட்டும் இல்லை. கடிவாளத்திற்கு அடங்குவதிலும் இருக்கிறது. மோட்டார் காருக்கும் இது பொருந்தும். கார்ப் பந்தயம் என்றதும் நாம் வேகத்தையே நினைக்கிறோம். ஆயினும், பந்தயக் களம் சாலைக் காருக்கு அளித்த கொடைகளுள் தலையாயது, வேகத்தை அடக்கும் கருவியே எனலாம். இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சான்று பகரும்.

இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் கார்கள் பெரும்பாலும் டிரம் பிரேக்குகளையே கொண்டிருந்தன. சக்கரத்தோடு சுழலும் உருளையின் உட்புறத்தில் பிரேக் கட்டைகள் அழுந்தி உராய்வதால் கார் நிற்கும். அந்த உராய்வின் வெப்பம் மூடிய உருளைக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்தடுத்து அழுத்தினால் உருளை சூடேறி விரியும். பிரேக்கின் பிடி தளரும்.

பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயம் இக்குறையை நன்கு வெளிப்படுத்தியது. ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீண்ட நேர்பாதையில் பறந்து வந்த கார்கள், அதன் முடிவிலிருந்த கூரிய வளைவில் சட்டென வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இதே சோதனைதான்.

இதற்கு மாற்றாக வந்தது டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சுழலும் வட்டத் தட்டை இரு புறமும் பட்டைகள் கவ்விப் பிடிக்கும். தட்டு திறந்தவெளியில் சுழல்வதால் வெப்பத்தைக் காற்று விரைவில் கவர்ந்து செல்லும். இவ்வெண்ணம் புதியதன்று, இங்கிலாந்தின் பிரெடரிக் லாஞ்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். டன்லப் நிறுவனமும் ஜாகுவாரும் கூடி அதைப் பந்தயத்திற்கு ஏற்பச் செப்பனிட்டன. 1952-இல் ரீம்ஸ் நகரில் ஸ்டர்லிங் மாஸ் இந்தப் பிரேக் பூட்டிய காரில் வென்றார். 1953-இல் லெ மானில் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் வாகை சூடினர். அப்பந்தயத்தில் வென்றவரின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைக் கடந்தது அதுவே முதன்முறை. பின்னால் நிறுத்த முடியும் என்ற உறுதியே முன்னால் விரையும் துணிவைத் தந்தது.

எனினும், கருவி ஒன்றே காவலாகிவிடாது. 1955-இல் அதே களத்தில் ஒரு கார் மற்றொன்றின் மீது மோதிச் சிதறியதில் பார்வையாளர் எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விசாரணை ஓட்டுநர் எவரையும் குற்றஞ்சாட்டவில்லை; களத்தின் அமைப்பே அத்தகைய வேகத்திற்கு ஏற்றதாக இல்லை எனக் கண்டது. பாதையையும் திருத்த வேண்டும் என்னும் பாடம் பெருவிலை கொடுத்துப் பெறப்பட்டது.

1957-இல் வந்த எக்ஸ்.கே. 150 என்னும் சாலைக் காரின் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் இடம்பெற்றது. 1961-இல் வெளிவந்த இ-டைப் அதனைத் தொடர்ந்ததோடு, பந்தயக் காரான டி-டைப்பின் உடலமைப்பு முறையையும் ஏற்றுக்கொண்டது.

பந்தய வீரர் தளர்ந்த பிரேக்கையும் தம் பயிற்சியால் சமாளிப்பார். குடும்பத்தோடு மலைச்சாலையில் இறங்குபவருக்கு அப்பயிற்சி இல்லை. அவர் காலடியில் உள்ள பிரேக் ஐயத்திற்கு இடமின்றிப் பிடிக்க வேண்டும். இன்று நம் நாட்டுக் கார்களிலும் முன் சக்கரங்களில் பெரும்பாலும் அவ்வட்டத் தட்டே சுழல்கிறது. வென்றவருக்குக் கிடைத்தது கோப்பை. நமக்குக் கிடைத்ததோ பத்திரமாக வீடு திரும்பும் நம்பிக்கை.