அலுவலகத் தாளில் ஒரு காதல் கடிதம்

1912 செப்டம்பர் 20 அன்று, பிராகில் தாம் பணிபுரிந்த தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தின் தாளிலேயே, தட்டச்சுப் பொறியில், காஃப்கா ஃபெலிஸ் பௌவருக்கு முதல் கடிதத்தை எழுதினார். (ஃபெலிஸ் வேலை பார்த்ததோ பேச்சைப் பதிவுசெய்யும் கருவி விற்ற நிறுவனத்தில்!) தட்டச்சுப் பொறி எழுதியதைத் தன்னிடம் சேர்த்து வைப்பதில்லை. கணினி சேர்த்து வைக்கும்.

2007 ஜூலையில் ருமேனியாவில், வாடிக்கையாளருக்குப் பதிலளிக்கவென்று பொறியாளர் ஒருவர் திறந்திருந்த யாஹூ மெசஞ்சர் கணக்கை நிறுவனம் கண்காணித்தது. சொந்தப் பேச்சு ஏதுமில்லை என்று அவர் மறுக்க, 45 பக்கப் பிரதியை நீட்டினார்கள். சகோதரரோடும் மணக்கவிருந்த பெண்ணோடும் பேசிய அந்தரங்கங்களும் அதிலிருந்தன. வேலை போயிற்று.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2016இல் அவர் முறையீட்டை ஏற்கவில்லை. 2017இல் அதன் பேரமர்வு 11க்கு 6 என்று அதை மாற்றியது. சொந்த உபயோகத்துக்குத் தடை இருந்தது உண்மை. ஆனால் உரையாடலின் உள்ளடக்கமே படிக்கப்படும் என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை; அதை ருமேனிய நீதிமன்றங்கள் கருதிப் பார்க்கவுமில்லை.